பாலம் வரைக்கும்

தார்ப்பாயை உருவி ஒருபக்கமாகச் சுருட்டி வைத்துவிட்டு, குந்தவை வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கினாள். முந்தின நாள் சாயங்காலம் யாரும் எதிர்பாராமல் பெய்த மழையில் குவியலின் அடிப்பக்கம் ஈரம் வாங்கியிருந்தது. பரப்பிவிட்டுக் காலால் சால்சாலாகக் கிளறிக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்று கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர் சொல்லியிருந்தார். ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும் நெல்லை எடுக்கமாட்டார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடப்பதும், திரும்பி வரும்போது பழைய சாலுக்குப் பக்கத்தில் புதுச்சால் போடுவதுமாக அவள் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தாள். நெல்லின் சுணை கணுக்கால் வரைக்கும் அரித்தது. மாசி வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே, சாலையை ஒட்டிய தரிசு முழுக்க இப்படிக் குவியல்கள்தான். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வீட்டு ஆள் காவல். அவளுடைய ஊரான மேலமருதங்குடிக்காரர்கள் வேப்பமரத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் இடம் பிடித்திருந்தார்கள். குந்தவைக்கு அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் துரைராசு. அவள் புருஷன் செந்தில்குமாருக்குச் சித்தப்பா முறை. முன்பு பஞ்சாயத்தில் துணைத் தலைவராக இருந்தவர். செந்தில்குமார் போனபிறகு அவளுடைய நிலத்துக்கு உழவு ஓட்டுவது, முறைத் தண்ணீர் திருப்பிவிடுவது, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைப்பது எல்லாம் அவர்தான். இந்த நெல்லும் அவருடைய டிராக்டரில்தான் வந்து இறங்கியது. கேட்டு வாங்கிய உதவி எதுவும் இல்லை. அவராகவே செய்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

வெயில் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தஞ்சாவூரிலிருந்து யூடியூப் சேனல்காரர்கள் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். ஃபஹ்மிதா என்று ஒரு பெண், மைக்கோடு. கேமராவோடு தாடிவைத்த ஒருத்தன். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் இந்த மாதிரி ஆட்கள் வருவதும் மைக்கை நீட்டுவதும் ஊர்களுக்குப் பழகிப்போயிருந்தது. கூட்டம் தானாகக் கூடியது. சாக்கு வரவில்லை, மழைக்கு மூடிவைக்கக் கொட்டகை இல்லை என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஃபஹ்மிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நெல் விஷயத்துக்குத் தனியாக இன்னொரு நாள் வருவதாகவும், இன்றைக்கு வேறு தலைப்பு என்றும் சொன்னாள். கொரோனா வந்துபோய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் அரசாங்கம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஜனங்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

மறந்துபோன ஒரு சொந்தக்காரரின் பெயரை யாரோ சொன்னதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூட்டை தூக்குகிற முருகையன் முதலில் ஆரம்பித்தான். அரிசி கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள், கையில் பணமும் கொடுத்தார்கள். ஊசி போடும் நர்சம்மா வாய்க்கால் வரப்பில் நடந்து வயலுக்கே வந்தது. இதைவிட ஒரு அரசாங்கம் என்ன செய்யும் என்றான். வீரையன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அந்த வருஷம் படுகையில் கத்தரி போட்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தி, சந்தையை மூடி, காய் முழுவதும் செடியிலேயே அழுகியது. ஆனால் சாராயக் கடையை மட்டும் திறந்துவிட்டார்கள் என்றார். அது அந்த ஆட்சி என்றான் முருகையன். எந்த ஆட்சியானால் என்ன, அழுகினது என் கத்தரிதானே என்றார் வீரையன். சிரிப்பு எழுந்தது. அதன்பிறகு பேச்சு சூடுபிடித்துக்கொண்டது. முதல் அலையில் இருந்தது யார், இரண்டாவது அலையில் இருந்தது யார், ஆக்சிஜன் தட்டுப்பாடு யார் காலத்தில், ஊசி யார் காலத்தில் என்று நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள்.

குந்தவை நடப்பதை நிறுத்தவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது. இந்தப் பாகப்பிரிவினையை அவள் நிறையத் தடவை கேட்டிருக்கிறாள். செந்தில்குமார் செத்தது ஆட்சி மாறிய அதே வாரத்தில். அதனால் ஒரு கட்சிக்காரர்கள் அந்தச் சாவைப் போனவர்கள் தலையில் போட்டார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் வந்தவர்கள் தலையில் போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அவள் எதிரிலேயே அந்தத் தகராறை நடத்தியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு பக்கத்திலும் சண்டை இல்லை. மூச்சு வாங்குகிற புருஷனோடு ஏறி இறங்கிய இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளும் இடமில்லை என்று சொன்னதையும், அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்காரவைத்தே ஆக்சிஜன் கொடுத்ததையும் அவள் பார்த்தாள். அங்கே ஒரு நர்ஸ், தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடுப்பில், முகம் தெரியாமல், செந்தில்குமாரின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றதையும் பார்த்தாள். இதில் எது அரசாங்கம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்று ஃபஹ்மிதாவின் குரல் கேட்டது. துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பஞ்சாயத்தில் இருந்தவர்; மைக்கைக் கண்டு தடுமாறுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"அரிசி குடுத்தாங்க, பணம் குடுத்தாங்க, அதெல்லாம் சரி. எங்கண்ணன் மவன் செந்திலு. சின்ன வயசு. இதே சீக்குலதான் போனான். பாடிய ஊருக்குள்ள கொண்டாரவே விடல இந்த அரசாங்கம். சொந்த மண்ணுல ஒரு புடி சாம்பலாக் கெடக்கக்கூட அவனுக்குக் குடுத்துவைக்கல. எங்கயோ கொண்டுபோயி கொளுத்திட்டாங்க. இத எந்த ஆட்சிக் கணக்குல எழுதச் சொல்றீங்க?"

சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் உச்சுக்கொட்டினார்கள். மேலமருதங்குடிக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதில் பொய்யாக ஆட்டியவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் குந்தவை கவனித்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்குள் இந்தக் கதை இப்படித்தான் பேசப்படுகிறது என்று அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுவருஷம் திதியன்று, 'பாடி வரலியே' என்று யாரோ ஒருத்தி பொதுவாகச் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் அது 'பாடிய விடலியே' என்று ஆனது. யார் விடவில்லை என்ற இடம் கொஞ்சநாள் காலியாகக் கிடந்து, பிறகு அரசாங்கம் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. துரைராசு அழுதது நடிப்பில்லை.

நடந்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். ஊருக்குள் நுழைய இருக்கிற ஒரே வழி வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றுகொண்டிருந்தது. பாலத்தின் மேல் கருவேலமுள் வெட்டிப் போட்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம், ஊர்க்காரி நாகம்மாளின் மகன் சென்னைக் கோயம்பேட்டிலிருந்து வேலையிழந்து திரும்பியபோது, நோயைக் கொண்டுவந்துவிடுவான் என்று அவனை இதே பாலத்தில் இப்படித்தான் நிறுத்தினார்கள். அன்றைக்கு முள் வெட்டியவர்களில் செந்தில்குமாரும் ஒருவன். வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளைக் காட்டினான்; அவள்தான் ஊக்கால் தோண்டி எடுத்துவிட்டாள். இதை நினைத்துக்கொண்டுதான் அவள் ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தாள். கிராம நிர்வாக அலுவலர் முன்னால் போய்ப் பேசினார். உடலை உறையில் போட்டு மருந்தடித்திருக்கிறது, எரித்தால் ஒன்றும் பரவாது, சுடுகாட்டு வேலையை ஆஸ்பத்திரி ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், யாரும் கிட்டே வரவேண்டியதில்லை என்று கும்பிட்டுக் கேட்டார். யாரும் சத்தம் போடவில்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்கள். முன்வரிசையில் துரைராசு நின்றார்.

வெயில் சாயத் தொடங்கியபோது குந்தவை வண்டியிலிருந்து இறங்கினாள். கெஞ்சவா, சண்டை போடவா, எதற்காக இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாலத்தை நோக்கி நடந்தாள். அவள் நடக்க நடக்க, ஊர் மொத்தமும் ஒரே ஆளைப்போலப் பின்னால் நகர்ந்தது. கல்யாணமாகி வந்தபோது ஆரத்தி எடுத்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்குக் கூட இருந்தவர்கள், எல்லாரும். அவள் நின்றாள். அவர்களும் நின்றார்கள். எத்தனையோ விஷயம் மறந்துபோயிருக்கிறது. அந்தப் பின்னால் நகர்ந்த கால்கள் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. நகராட்சிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று சுகாதார ஊழியர் வந்து கேட்டார். அவள் தலையாட்டினாள். சாலை ஒடுக்கம்; வண்டியைத் திருப்ப இடமில்லை. மெயின்ரோடு வரைக்கும் டிரைவர் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் போகும்போது அடிக்கிற அந்த மணி சத்தம் வயல்வெளி முழுக்கக் கேட்டது. முன் கண்ணாடி வழியாக ஊர் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணே இங்கதான் இருக்கு. அதக் கேளுங்க" என்று துரைராசு அவளைக் கை காட்டினார்.

கேமரா திரும்பியது. ஃபஹ்மிதா செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் கால்வைத்து வந்தாள். அவள் செருப்பைக் கழற்றியது குந்தவைக்குப் பிடித்திருந்தது. கூட்டமும் குவியலைச் சுற்றி நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட வேண்டாம்; முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாலே மைக் போய்விடும். துரைராசு தன் பக்கத்தில் ஒரு பாக்கியும் இல்லாதவரைப்போல, ஆறுதலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"அக்கா, உங்க கணவரோட உடலை அரசாங்கம் தரவே இல்லையா?" என்றாள் ஃபஹ்மிதா.

"குடுத்தாங்க" என்றாள் குந்தவை. "ஊருக்குத்தான் கொண்டாந்தாங்க. வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம்?"

"ஊருல விடல."

"ஊருலன்னா, யாருக்கா?"

குந்தவை சுற்றிலும் பார்த்தாள். யார் முகத்திலும் பார்வை நிற்கவில்லை. "இங்க நிக்கிறவங்கள்ளயும் இருக்காங்க. எல்லாரும் இல்ல. ஆஸ்பத்திரில கொற இல்லன்னு நான் சொல்ல வரல. நாற்காலியில வச்சுத்தான் வைத்தியம் பாத்தாங்க. ஆனா பாடியக் குடுத்தாங்க. அத மட்டும் சொல்லிப்புடுறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. சொன்னபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி நெல்லைக் கிளறத் தொடங்கினாள். அவள் போட்ட சாலில் ஃபஹ்மிதாவின் கால்தடம் குறுக்கே விழுந்திருந்தது. அதையும் சேர்த்துக் கிளறிவிட்டாள். கூட்டம் கலைவது தெரியாமல் கலைந்தது. வீரையனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. முருகையனை எடை மெஷின் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். துரைராசு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் குவியலுக்குப் போனார்.

சாயங்காலம் அவளுடைய நெல் எடைக்குப் போனது. ஈரம் அளவுக்குள் இருந்தது. மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தபோது துரைராசு வந்து பக்கத்தில் நின்றார். மூட்டைகளைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கி பயம், குந்தவ. ஊருல சின்னப் புள்ளைங்க இருந்துச்சு."

"தெரியும் மாமா."

"கேமராவுல சொல்லியிருக்க வேணாம்."

"நீங்கதான மாமா ஆரம்பிச்சீங்க."

அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தனக்கே நினைவில்லாத ஒன்றைத் தேடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப அவருடைய டிராக்டரில் அவள் ஏறவில்லை; அவரும் கூப்பிடவில்லை. காலிச் சாக்குகளையும் தார்ப்பாயையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஊரில் இரண்டொரு நாள் பேச்சு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. குழாயடியில் அவள் போனதும் வேறு விஷயம் பேசினார்கள். நாகம்மாள் மட்டும் ஒருநாள் வாசல்வரை வந்து, ஒரு கூறு முருங்கைக்கீரையை வைத்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் போனாள்.

வீடியோ வெளிவருவதற்கு முன்னால் ஃபஹ்மிதா போன் பண்ணினாள். வருத்தமாகத்தான் பேசினாள். குந்தவை பேசிய பகுதி முக்கியமானது என்று தான் வாதாடியதாகவும், தலைப்பு அரசாங்கத்தின் செயல்பாடு என்பதால் அது பொருந்தி வரவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டதாகவும், பிறகு ஒரு சமயம் தனியாகப் போடலாம் என்றும் சொன்னாள். பரவாயில்லம்மா என்றாள் குந்தவை. போனை வைத்தபிறகு, எது பரவாயில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வீடியோவை மகள் தமிழ்நிலாதான் காட்டினாள். எட்டாவது படிக்கிறாள். அப்பா செத்த சமயத்தில் அவளைச் சீர்காழியில் பாட்டி வீட்டில் விட்டிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்தவள். வீடியோவில் முருகையன் இருந்தான், வீரையனின் கத்தரிக்காய் இருந்தது. கடைசியில் துரைராசு. அவர் குரல் உடைகிற இடத்தில் பின்னால் சோக வயலின் சேர்த்திருந்தார்கள். அதன்பிறகு குந்தவையின் முகம், மிக நெருக்கத்தில். நெல்லுக்கு நடுவில் நின்றபடி அவரையே பார்க்கிறாள். உதடு அசையவில்லை. அவர் சொன்னதெல்லாம் தனக்கும் சேர்த்துத்தான் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அப்படியே படம் இருண்டு முடிந்தது. கீழே நூற்றுக்கணக்கில் கருத்து எழுதியிருந்தார்கள். பாவம் அந்தப் பெண் என்று பாதிப் பேர். எந்த ஆட்சி என்று மீதிப் பேர்.

"சின்னத் தாத்தா எவ்ளோ பேசுறாங்க. நீ ஏம்மா ஒண்ணுமே பேசல?" என்றாள் தமிழ்நிலா.

குந்தவை அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயமில்லை. இந்த ஊரில்தான் இந்தப் பெண் வளரவேண்டும், இந்த முகங்களைப் பார்த்துத்தான் தாத்தா என்றும் அத்தை என்றும் கூப்பிடவேண்டும். அந்த வார்த்தைகளை அவள் வாயிலிருந்து பிடுங்குவானேன் என்று விட்டிருந்தாள். இப்போது ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள். முள்ளைச் சொன்னாள். முந்தின வருஷம் முள் வெட்டியது யார் என்பதையும் சொன்னாள். கால்கள் பின்னால் நகர்ந்ததையும் சொன்னாள்.

தமிழ்நிலா அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பிறகு, "அப்பா பாலம் வரைக்கும் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"நம்ம வீடு தெரியுமே அங்கேர்ந்து."

"தெரியும்" என்றாள் குந்தவை.

மறுநாள் காலையில் மகள் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபிறகு, குந்தவை வயலுக்குப் போனாள். அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் பாலம் தெரியும். தமிழ்நிலா பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி இறங்கியிருந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றாள். கூடப் போகிற பிள்ளைகள் மணியடித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஊருக்குள்ளிருந்து துரைராசுவின் டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தது. அவரே ஓட்டி வந்தார். பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். தமிழ்நிலா சைக்கிளைத் தள்ளவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். இரண்டாவது ஹாரன் வரவில்லை. குந்தவை கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் இரண்டு அடி நடந்தாள், பிறகு நின்றாள். அங்கே யாராவது பேசினார்களா என்று இவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது. டிராக்டரின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பாலத்தின் நடுவில் சைக்கிளைப் பிடித்தபடி அவள், ஊர்ப்பக்கக் கோடியில் ஸ்டியரிங்கின் மேல் கைவைத்தபடி அவர். வைக்கோல் பொதியிலிருந்து காற்று ஒவ்வொரு தாளாக உருவி வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தது.